கேஜன் கம்போ உண்ண எங்கே போவது: லஃபயெட்டுக்கா, நியூ ஆர்லியன்ஸுக்கா?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து என் பெற்றோர் வந்திருக்கிறார்கள். அக்டோபர் கடைசி வாரத்தில் அவர்களையும் அழைத்துக்கொண்டு ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் சென்று வர எண்ணியிருக்கிறோம். லூயிசியானா மாநிலத்தின் குழம்பு வகையான கம்போவை, மரபான கேஜன் முறையில், நல்ல கைப்பக்குவத்தில் ஒருமுறையேனும் உண்டுவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்கள் அலுவலகத்துக்கு அருகிலுள்ள ஓர் உணவகத்தில் கம்போ என்று கொடுத்தது, தக்காளிச் சாற்றில் சோள மாவைக் கரைத்து ஊற்றியது போல் இருந்தது. கம்போ என்பது அதுதான் என்று நம்ப மனம் ஒப்பவில்லை. அப்பா மாட்டிறைச்சி உண்ண மாட்டார். அம்மா கோழி, மீன், இறால், நண்டு மட்டும் உண்பார். நியூ ஆர்லியன்ஸில் எந்த உணவகத்துக்குப் போகலாம், அங்கே எதைக் கேட்டு வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

வெர்மில்லியன்கரை எழுதியது:

நண்பரே, பதினோரு ஆண்டுகளாக லஃபயெட்டில் குடியிருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது கேஜன் கம்போ. அதற்காக நியூ ஆர்லியன்ஸ் வரை போக வேண்டியதே இல்லை. ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்தால் ஏறத்தாழ 345 கிலோமீட்டரில் லஃபயெட் வந்துவிடும்; நியூ ஆர்லியன்ஸ் அதற்கும் அப்பால் இன்னும் 215 கிலோமீட்டர். வெளியூர்க்காரர்களில் பலர் எங்கள் ஊரில் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு, அச்சாஃபலாயா சதுப்புநிலத்தின் மேல் 29 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்லும் பாலத்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். எதைத் தேடிக் கிளம்பினார்களோ அதைத் தாண்டிப் போகிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்ளும்.

கேஜன் என்பது அக்கேடியன் என்ற சொல்லின் மரூஉ. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் பிரெஞ்சு பேசி வாழ்ந்த குடியானவர்களை 1755 முதல் ஆங்கிலேயர்கள் நாடு கடத்தினார்கள். அவர்களில் பலர் 1760களின் நடுப்பகுதியிலிருந்து லூயிசியானாவுக்கு வந்து சேர்ந்து, நகரத்தை விட்டு விலகி, மேற்கேயுள்ள ஆற்றங்கரைகளிலும் சதுப்புகளிலும் புல்வெளிகளிலும் குடியமர்ந்தார்கள். துறைமுகத்தின் நண்டும் சிப்பியும் நகரச் சந்தையின் தக்காளியும் அந்தப் புல்வெளிக் குடிகளுக்கு அன்றாடம் கிடைத்தவை அல்ல. முட்டையிட்டு ஓய்ந்த கோழி, வீட்டிலேயே புகையூட்டிய பன்றி இறைச்சி சாசேஜ், மாவு, கொழுப்பு ஆகியவற்றைக் கொண்டே அவர்கள் ஒரு பானை உணவில் பத்துப் பேர் பசியாறும் வழியைக் கண்டார்கள். ஆகவே இந்தப் பக்கத்துக் கம்போ கருமையாகவும், நீர்த்தும், புகை வாசம் வீசுவதாகவும் இருக்கும். தக்காளி அதில் சேராது. கிண்ணத்தில் சோற்றின் மேல் ஊற்றும்போது ரசத்துக்கும் குழம்புக்கும் இடைப்பட்ட பதத்தில் ஓட வேண்டும். கரண்டியில் கட்டியாக நின்றால் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள்.

உணவகம் என்று கேட்டால், முதல் வருகைக்கு நான் ப்ரேஜான்ஸையே சொல்வேன். 1980-இல் தொடங்கிய உணவகம். நகரின் வடக்கே ஐ-49 நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. உணவுக் கூடத்தின் நடுவே பாடம் செய்யப்பட்ட பெரிய முதலை ஒன்று நிற்பதால் உங்கள் பெற்றோருக்கும் பார்ப்பதற்கு ஏதேனும் கிடைக்கும். ஃபெசன்ட் பறவை, காடை, ஆன்டூயி என்னும் பன்றி இறைச்சி சாசேஜ் மூன்றும் சேர்ந்த அவர்களுடைய கம்போ, நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவில் மக்கள் வரிசையில் நின்று வாங்கும் பண்டம். அதன் சாற்றை முதலில் சோறில்லாமல் ஒரு கரண்டி அருந்திப் பாருங்கள். வறுத்த மாவின் மெல்லிய கசப்பு முதலில் தெரியும், புகை பின்னால் வரும், மிளகும் சிவப்பு மிளகாயும் தொண்டையில் இறங்கிய பிறகே உறைக்கும்.

ஆற்றுவளைவு எழுதியது:

வெர்மில்லியன்கரை ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நியூ ஆர்லியன்ஸில் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவள் என்ற முறையில், இந்த நகரத்தைப் போக வேண்டியதே இல்லாத இடமாக அவர் காட்டியதை ஏற்க இயலவில்லை. இங்குள்ளது, பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க மரபுகள் கலந்த கிரியோல் மக்களின் கம்போ. நண்டு, இறால், கோழி, சாசேஜ் எல்லாம் ஒரே பானையில் சேரும். ரூ, அதாவது கொழுப்பில் வறுத்த மாவு, சற்று வெளிறியதாக இருக்கலாம். சில வீடுகளில் தக்காளியும் உண்டு. அதைக் கேஜன் கம்போவின் கெட்டுப்போன வடிவமாகக் கருதுவது பெரிய பிழை.

டிரேமே பகுதியில் ஆர்லியன்ஸ் அவென்யூவில் 1941 முதல் நடக்கும் டூக்கி சேஸ் உணவகத்துக்கு உங்கள் பெற்றோரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அதன் அடுக்களையை ஆண்ட லியா சேஸ் அம்மையார் 2019-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதைச் சட்டம் தடுத்திருந்த காலத்தில், சம உரிமைப் போராட்டக்காரர்கள் அந்த உணவகத்தின் மாடியில் கூடி ஆலோசித்தார்கள். அவர்களுக்கு முன்னால் கம்போக் கிண்ணங்கள் இருந்தன. அந்த இடத்தில் அமர்ந்து உண்பதற்குத் தனிப் பொருள் உண்டு.

கருத்த ரூவில் செய்த கோழி, ஆன்டூயி கம்போவே வேண்டுமென்றால் பிரெஞ்சு குவார்ட்டரில் உள்ள மிஸ்டர் பீஸ் பிஸ்ட்ரோவின் கம்போ யாயா கிடைக்கும். டோனல்ட் லிங்க் என்ற சமையற்கலைஞர் பங்குதாரராக 2006-இல் தொடங்கிய கோஷோன் உணவகமும் இருக்கிறது. அவர் லஃபயெட்டுக்கு மேற்கேயுள்ள நெல் வயல் நாட்டுக்காரர் என்பதால் அங்கே கேஜன் கை தெரியும்.

வெர்மில்லியன்கரை எழுதியது:

அம்மா, என் சொற்கள் அப்படி ஒலித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். டூக்கி சேஸில் உண்ட கடல் உணவுக் கம்போவை நான் இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு. நான் சொல்ல வந்தது பெயரைப் பற்றியது. இரண்டு பெயர்களும் ஏன் குழம்பிப் போயின என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓபலூசஸ் ஊருக்கு அருகில் 1940-இல் பிறந்த பால் ப்ருடோம், நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து 1975-இல் கமாண்டர்ஸ் பேலஸ் உணவகத்தின் தலைமைச் சமையற்காரர் ஆனார். பிறகு 1979-இல் பிரெஞ்சு குவார்ட்டரில் தம் மனைவியுடன் கே-பால்ஸ் உணவகத்தைத் திறந்தார். அவரால்தான் 1980களில் கேஜன் என்ற சொல் அமெரிக்கா முழுவதும் பரவியது. அந்தப் புகழ் நகரத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டதால், சுற்றுலாத் தெருக்களில் எதை விற்றாலும் கேஜன் என்று பலகை எழுதும் வழக்கம் வந்துவிட்டது. ப்ருடோம் 2015-இல் காலமானார். கே-பால்ஸ் 2020-இல் மூடப்பட்டது. பலகைகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அப்படிப்பட்ட பலகையைப் பார்த்து நானும் ஒருமுறை உள்ளே போய், கெட்டியான தக்காளிக் கம்போவுக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஹூஸ்டன்வாசிக்கு அது நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

சமையற்கட்டு எழுதியது:

ஐயா, ரூ என்று இருவரும் மீண்டும் மீண்டும் சொல்கிறீர்கள். மைதாவை எண்ணெயில் வறுப்பதுதானே? அதில் ஊருக்கு ஊர் இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது? நான் வீட்டில் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பழுப்பு நிறத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் போனால் கருகிவிடுமோ என்ற அச்சத்தில் அடுப்பை அணைத்துவிட்டேன்.

வெர்மில்லியன்கரை எழுதியது:

நீங்கள் அணைத்த இடத்திலிருந்துதான் கேஜன் கம்போ தொடங்குகிறது. எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் அடுத்த வீட்டுப் பாட்டி. கேஜன் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். அவர் வீட்டில் நான் கண்டதை அப்படியே சொல்கிறேன்.

கனமான வார்ப்பிரும்புப் பானை. ஒரு கோப்பை எண்ணெய், ஒரு கோப்பை மாவு. முனை தட்டையான மரக் கரண்டி. வட்டக் கரண்டி பானையின் மூலையில் உள்ள மாவை விட்டுவிடும் என்பார். தீ மிதமானது. கிளறத் தொடங்கியதும் அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார், கதவு தட்டினாலும் போக மாட்டார். முதல் பத்து நிமிடம் பச்சை மாவு வாசம். பிறகு வறுத்த வேர்க்கடலை வாசம் வரும்; உங்கள் ரூ அங்கேதான் நின்றிருக்கிறது. இன்னும் கிளறினால் பழைய செப்புக் காசின் நிறம் வரும். அதையும் கடந்து, முக்கால் மணி நேரம் ஆகும்போது, பால் விடாத டிகாஷன் போல் இருண்டு, காப்பிக்கொட்டை வறுக்கும் வாசம் எழும். நுனி நாக்கில் கசப்பு தோன்றும் எல்லை அது. அந்த நொடியில் நறுக்கி வைத்த வெங்காயத்தையும் செலரியையும் பச்சைக் குடைமிளகாயையும் ஒருசேரப் போட வேண்டும். காய்களின் ஈரம் பட்டதும் சூடு தணிந்து வறுபடுவது நிற்கும். கத்தோலிக்கர்கள் ஆதலால் அந்த மூன்று காய்களையும் டிரினிட்டி என்று திரித்துவத்தின் பெயராலேயே அழைப்பார்கள்.

கருப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அந்த ரூ கெட்டது. நான் முதன்முதலில் தனியாகக் கிளறியபோது நான்கைந்து புள்ளிகள் வந்தன. பாட்டி ஒரு சொல்லும் சொல்லாமல் பானையை வாங்கிக் கொல்லையில் கொட்டிவிட்டு, மாவு டப்பாவை மீண்டும் என் முன்னால் வைத்தார். கொதிக்கும் ரூ தோலில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். எனவே குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மாவு கருக்க வறுபட வறுபட அதன் கெட்டிப்படுத்தும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் லஃபயெட் கம்போ நீர்த்து நிற்கிறது. வெளிறிய ரூ கெட்டிப்படுத்தும். கருத்த ரூ சுவையை மட்டுமே தரும். பிறகு கோழி. கடையில் ‘ஹென்’ என்று எழுதி விற்கும் முதிர்ந்த கோழியைத் தேடி வாங்குவார்கள். நம் ஊரில் நாட்டுக்கோழியை நின்று வேக வைப்பது போல இரண்டு மூன்று மணி நேரம் வேகும். இளங்கோழியில் அந்தச் சாறு இறங்காது. நேரமில்லாதவர்கள் ஓபலூசஸ், வில் பிளாட் போன்ற ஊர்களில் செய்து கண்ணாடிப் புட்டியில் அடைத்த ரூவை வாங்குகிறார்கள். பாட்டியே அவசரத்துக்கு அதைப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அதில் குறையொன்றும் காண மாட்டேன்.

ஆற்றுவளைவு எழுதியது:

அழகாகச் சொன்னீர்கள் ஐயா. ஆனால் ரூவோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். கம்போ என்ற சொல்லே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறித்த சொல் அது. பிரெஞ்சில் இன்றும் வெண்டைக்காய்க்கு கோம்போ என்றே பெயர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வெண்டைக்காய்க் குழம்புதான் இந்த உணவின் வேர். சாசஃப்ராஸ் மரத்தின் இலையை உலர்த்தி இடித்த ஃபிலே பொடியைச் சாக்டா பழங்குடி மக்கள் கொடுத்தார்கள். ரூ பிரெஞ்சுக்காரர்களுடையது. ஆன்டூயிக்குப் பெயர் பெற்ற லாபிளேஸ் ஊரைச் சுற்றி இருப்பது 1720களில் ஜெர்மானியர்கள் குடியேறிய ஆற்றங்கரை.

லஃபயெட்டைப் பற்றிச் சொல்லும்போதும் கேஜன் என்ற ஒரு சொல்லிலேயே எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் புல்வெளியில் கறுப்பினக் கிரியோல் மக்களும் தலைமுறை தலைமுறையாக அதே கருத்த ரூவைக் கிளறி வந்திருக்கிறார்கள். ஸைடிகோ இசை அவர்களுடையது, கம்போவும் அவர்களுடையது.

வெர்மில்லியன்கரை எழுதியது:

இதை முழு மனத்தோடு ஏற்கிறேன். எங்கள் ஊரின் அக்டோபர் விழாவுக்கே இன்று கேஜன் என்ற பெயர் இல்லை. ஃபெஸ்டிவல்ஸ் அக்கேடியன்ஸ் எ கிரியோல்ஸ் என்று இரண்டு மக்களையும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பசுங்கீரை எழுதியது:

நான் சைவ உணவு உண்பவள். கீரைகளைக் கொண்டு செய்யும் கம்போ ஒன்று உண்டென்று கேள்விப்பட்டேன். அது எங்கே கிடைக்கும்? வெண்டைக்காய்க் கம்போ சைவமாக இருக்க வாய்ப்புண்டா?

ஆற்றுவளைவு எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்பது கம்போ ஸெர்ப். தவக்கால நோன்புக்காக இறைச்சியில்லாமல் தொடங்கிய உணவு என்பார்கள். ஆனால் டூக்கி சேஸில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வியாழனன்று பரிமாறும் புகழ்பெற்ற கீரைக் கம்போவில் பல வகை இறைச்சிகள் சேர்கின்றன. ஒற்றைப்படை எண்ணிக்கையில் கீரைகளைச் சேர்ப்பது அங்குள்ள நம்பிக்கை. வெண்டைக்காய்க் கம்போவிலும் பெரும்பாலும் இறாலோ கோழிச் சாறோ இருக்கும். பட்டியலில் பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். வீட்டில் தாவர எண்ணெயில் கருத்த ரூ செய்து, வெண்டைக்காயை வழவழப்புப் போகத் தனியே வதக்கி, காளானையும் சேர்த்துச் செய்தால் நிறைவாக வரும்.

வெர்மில்லியன்கரை எழுதியது:

ஹூஸ்டன்வாசி நண்பருக்கு இனி நடைமுறை விவரங்கள். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு முன்பே லஃபயெட்டில் இருப்பீர்கள். எங்கள் ஊரின் பெருமை மதிய நேரத்துப் பிளேட் லஞ்ச். சோறு, குழம்பு, இறைச்சி, இரண்டு காய் என்று நம் மெஸ் சாப்பாட்டுக்கு மிக அருகில் வரும். ஜெஃபர்சன் தெருவில் ஒரே குடும்பம் நெடுங்காலமாக நடத்தி வந்த டுவையர்ஸ் கஃபேயில் அதை உண்ணலாம். செயின்ட் ஜான் தெருவில் ஜான்சன்ஸ் பூக்கானியேர் இருக்கிறது. பூக்கானியேர் என்றால் புகையூட்டும் கொட்டில். 1937-இல் யூனிஸ் ஊரில் மளிகைக் கடை தொடங்கிய குடும்பத்தின் அடுத்த தலைமுறை நடத்துவது. சாசேஜும், பன்றி இறைச்சியும் சோறும் அடைத்த பூடானும் அங்கே வாங்கி, பனிப்பெட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் அப்பாவுக்காக ஒன்று: ஆன்டூயியும் மரபான சாசேஜும் பன்றி இறைச்சியே, ஆனால் சில கடைகள் மாட்டிறைச்சியும் கலந்து செய்வதால், உண்ணும் முன் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு கடல் உணவுக் கம்போ சொல்லலாம். அதிலும் சாசேஜ் உண்டா என்று கேளுங்கள். கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இந்த ஊரில் உணவைப் பற்றிக் கேட்டால் பரிமாறுபவர் தம் பாட்டி எப்படிச் சமைப்பார் என்பது வரை சொல்லத் தொடங்கிவிடுவார்.

கம்போவோடு உருளைக்கிழங்கு சாலடும் வரும். முட்டையும் கடுகுச் சாந்தும் மயோனைஸும் சேர்த்துப் பிசைந்த குளிர்ந்த உருளைக்கிழங்கு. அதைத் தனியே உண்ணாமல் ஒரு கரண்டி எடுத்துச் சுடு கம்போவுக்குள் போட்டு உண்பதே இங்குள்ள வழக்கம். சில வீடுகளில் சோற்றுக்குப் பதிலாகவே அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

நீங்கள் வரும் காலமும் நல்ல காலம். அக்டோபரில் முதல் வாடைக்காற்று வீசிய அன்று, கடைகளில் கோழியும் சாசேஜும் விரைந்து தீர்ந்துவிடும்; ‘கம்போ வெதர்’ என்று அந்தக் குளிருக்கே பெயர். நியூ ஐபீரியாவில் நடக்கும் கம்போ சமையல் போட்டி அம்மாதத்தின் நடுவிலேயே முடிந்துவிடும் என்பது மட்டும் குறை. பிப்ரவரி, மார்ச்சில் இன்னொரு முறை வர முடிந்தால் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாளான மார்டி கிராவன்று மாமூ ஊருக்கோ யூனிஸ் ஊருக்கோ போய்ப் பாருங்கள். முகமூடியணிந்தவர்கள் குதிரைகளில் வீடு வீடாகச் சென்று, ஆடிப் பாடி, கம்போவுக்கு வேண்டிய பொருள்களை இரந்து பெறுவார்கள். வீட்டுக்காரர் ஒரு கோழியைப் பறக்கவிட, அதைச் சேற்று வயலில் துரத்திப் பிடிப்பார்கள். மாலையில் ஊருக்கே கம்போ. அந்த நாளில் உண்பதற்கு ஈடாக எந்த உணவகத்தையும் என்னால் சொல்ல முடியாது.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

சென்று வந்தோம். முதல் நாள் மாலை ப்ரேஜான்ஸ், மறுநாள் நண்பகல் டூக்கி சேஸ் என்று இருவர் சொன்னதையும் கேட்டோம். லஃபயெட்டில் அன்று குளிர்காற்று வீசியது. கிண்ணம் வந்தபோது அம்மா அதன் கருமையைக் கண்டு, கருகிவிட்டதா என்று என்னிடம் தமிழில் மெதுவாகக் கேட்டார்கள். அப்பா தம் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சாலடைப் போட்டுக் கலந்து, சோறு கொண்டுவரச் சொல்லி இன்னொரு முறையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் நண்டுக் காலைக் கையில் எடுத்து உண்ட அம்மாவுக்கு நியூ ஆர்லியன்ஸ்தான் பிடித்தது. அப்பாவோ லஃபயெட் கம்போவே சிறந்தது என்பதிலிருந்து இறங்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு பொட்டலம் ஃபிலே பொடி வாங்கி வந்தேன். அதை எப்போது சேர்க்க வேண்டும்?

வெர்மில்லியன்கரை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி நண்பரே. ஃபிலேயை அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது போட்டால் நூல் நூலாக இழுக்கும். எங்கள் வீடுகளில் அதை மேசையில் வைத்துவிடுவார்கள். அவரவர் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை தூவிக்கொள்வார்கள். வெண்டைக்காய் போட்ட கம்போவென்றால் ஃபிலே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வழவழப்பு மிகுந்துவிடும். வெளிச்சம் படாத டப்பாவில் மூடி வையுங்கள். பச்சை நிறம் மங்கி வாசமும் போய்விட்டால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.